மருந்துப் பைக்குள் வைத்தது

போன வாரம் நாம் ஐர்வெனை விட்டு வந்தது லண்டன் விமான நிலையத்தின் சோதனை வரிசையில். பைகள் எல்லாம் எந்திரத்துக்குள் போய் அந்தப் பக்கம் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவள் நெஞ்சுக்குள் இருந்த பாரம் மட்டும் இறங்கவே இல்லை.

இறங்காததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இன்னொரு தரம் சொல்லிவிடுகிறேன்.

ஐர்வெனின் கணவன் கெத்தின் போர்ட் டால்பட் என்கிற ஊரில் இரும்பு உலைக்கு முன்னால் நின்றே காலத்தைக் கழித்தவன். உலை ஒரு பக்கம் புகைந்தால் அவன் ஒரு பக்கம் புகைந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பு. பிழைத்து எழுந்தவன் கையில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு வேப்பைக் கொடுத்தாள். பேனா அளவுக்கு, ஆவி இழுக்கிற இ-சிகரெட். "இதை இழுங்க, அதைத் தொடாதீங்க" என்றாள். அன்றோடு சிகரெட் நின்றது.

அந்த ஊரில் இது ஒரு பேச்சே இல்லை. பஸ் நிறுத்தத்தில் இழுப்பார்கள், சலவைக்குப் போட்டுவிட்டு வாசலில் நின்று இழுப்பார்கள், ஆஸ்பத்திரி கேட்டில்கூட இழுப்பார்கள். ஐர்வெனுக்கு அது ரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்தில் வைக்கிற இன்னொரு மருந்து. நர்ஸ் கையால் கொடுத்தது மருந்து இல்லாமல் வேறென்ன?

மகள் லவ்ரி பாங்காக்கில் பள்ளி ஆசிரியை. இது அவளுக்கு நிறைமாதம். அப்பாவும் அம்மாவும் அத்தையும் புறப்படுகிறார்கள் என்றதும் போனில் முதலில் சொன்னது இதைத்தான்: "அப்பா, அந்த வேப்பை மட்டும் கொண்டு வந்துடாதீங்க. இங்க அது சட்டத்துக்கு விரோதம். சும்மா கையில வெச்சிருந்தாலே வம்பு. கொண்டு வந்து மாட்டினா ஜெயில்கூட உண்டு."

கெத்தின் சொன்னபடி கேட்டான். பக்கத்து வீட்டு டெல்விடம் அதைக் கொடுத்துவிட்டு வந்தான். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். "அங்க சிகரெட்டுக்குத் தடை இல்லையாமே! கடைக்குக் கடை விக்கிறாங்களாம்!" என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னான்.

மறுபடி சிகரெட்டைத் தொட்டுவிடுவானோ என்று, அந்த ஒரு வார்த்தைதான் ஐர்வெனின் தூக்கத்தைத் தின்றது. புறப்படுகிற அன்று, அவன் பின்கதவைப் பூட்டப் போன நேரத்தில், அலமாரியிலிருந்த இன்னொரு வேப்பை எடுத்து அவனுடைய மருந்துப் பைக்குள், மாத்திரை அட்டைகளுக்கு அடியில் செருகிவிட்டாள். பேட்டரி இருக்கிற சாமானைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கூடவேதான் வைத்திருக்க வேண்டும் என்கிற விதி அவளுக்கு மனப்பாடம். லவ்ரி சொன்ன தடை, தெருவில் பழ வாசனை விட்டுத் திரிகிற வயசுப் பிள்ளைகளுக்கு என்று நினைத்துக்கொண்டாள். ஒரு விதிக்குப் பயந்து நடந்தவள் இன்னொரு விதியின் வாய்க்குள் போய் நின்றாள்.

அதற்குள் ஊற்றுகிற திரவத்தின் சின்னக் குப்பி மிச்சம் இருந்தது. கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து அளவுக்குத்தான் இருக்கும். சோதனைக்காகத் திரவச் சாமான்களைத் தனியே போடுகிற தன் பிளாஸ்டிக் பை தைலமும் களிம்புமாக நிறைந்து மூட மறுத்ததால், விமான நிலைய அவசரத்தில் அதை நாத்தனார் நெஸ்டாவின் பிளாஸ்டிக் பையில் போட்டாள். அதை அங்கேயே மறந்தும் போனாள். பெரிய பயம் வந்து உட்கார்ந்துவிட்டால் சின்னதுக்கு இடம் ஏது?

---

விமானத்தில் ஜன்னல் மறைப்புகளை ஏற்றினார்கள். வெயில் முகத்தில் அடித்தது. முட்டையும் காபியும் மணக்க வண்டி வந்துகொண்டிருந்தது.

"ஏண்டி ஐர்வென், மூஞ்சி ஏன் ஆறிப்போன கஞ்சி மாதிரி இருக்கு?" பின்னல் ஊசியை நிறுத்தாமலே கேட்டாள் நெஸ்டா. கெத்தினுக்கு மூத்தவள். வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது.

"தூக்கம் வரல."

"வரலையா? என் தோள்ல எச்சில் விட்டது யாரு, பைலட்டா?"

கெத்தின் இந்தப் பக்கம் ஓர ஸீட்டில் உட்கார்ந்து மெல்லிய குரலில் விசில் அடித்துக்கொண்டிருந்தான். தேவாலயப் பாட்டு. ஐர்வென் தூங்கிய நேரத்தில் அவனே மருந்துப் பையை இறக்கி, மாத்திரை போட்டு, திரும்ப மேலே வைத்துவிட்டிருந்தான்.

"மாத்திரை போட்டியா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது.

"போட்டேன் கண்ணு."

"எல்லாம்... இருந்துச்சா?"

"மாத்திரைப் பையில மாத்திரைதான இருக்கும்?" என்று சொல்லிவிட்டு மறுபடி விசில்.

பார்க்கவில்லை போலிருக்கிறது. அடியில் அல்லவா செருகினாள். ஐர்வெனுக்கு மூச்சு கொஞ்சம் வந்தது.

"என்கூட பிங்கோ ஆடற மெர்லின் இருக்காளே," என்று நெஸ்டா ஆரம்பித்தாள், "அவ தங்கச்சி பையன் போன வருஷம் இப்ப நாம போற நாட்டுக்குத்தான் போனான். கடற்கரையில நின்னு ஜம்முனு வேப் ஊதிட்டு இருந்தானாம். தோள்ல ஒரு கை விழுந்துச்சாம். திரும்பிப் பார்த்தா போலீஸ்! பாஸ்போர்ட்டைப் புடுங்கிக்கிட்டாங்க. பெத்தவங்க நம்ம ஊர்லருந்து அழுதுகிட்டே போன் மேல போன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மெர்லினுக்குக் கதையை முடிக்கவே வராது. அவளுக்கு ஜாக்பாட் நம்பர் வந்துடுச்சு, எந்திரிச்சுப் போயிட்டா."

கெத்தினின் விசில் ஒரு நொடி நின்றது. பிறகு, கொஞ்சம் சத்தமாகவே, தொடர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒலிபெருக்கியில் பெண் குரல் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பாங்காக். வெயில் அதிகம். ஸீட்டை நிமிர்த்தி வையுங்கள். "பயணிகள் கவனத்துக்கு, இ-சிகரெட்டையும் அதற்கான திரவத்தையும் தாய்லாந்துக்குள் கொண்டு செல்வது குற்றம்."

குற்றம். லவ்ரி போனில் சொன்னபோது அது ஒரு பேச்சாக இருந்தது. இப்போது வானத்திலிருந்தே சொன்ன மாதிரி இருந்தது.

ஐர்வென் எழுந்தாள். கால் தானாகவே விமானத்தின் பின்பக்கம் போயிற்று. திரைக்குப் பின்னால் ஒரு பணிப்பெண் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். லவ்ரி வயசுதான் இருக்கும்.

"ஒண்ணு கேக்கலாமா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"கேளுங்கம்மா."

"இப்ப மைக்ல சொன்னாங்களே, அது... நர்ஸ் கொடுத்ததா இருந்தா?"

பணிப்பெண்ணின் கை நின்றது. "யார் கொடுத்ததா இருந்தாலும் கூடாதும்மா. நம்ம ஊர்ல அது கடைச் சாமான். அங்க அப்படி இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட இருக்கா?"

"ஐயோ, இல்ல இல்ல! எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க..."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! பணிப்பெண் அதை நம்பவில்லை. நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

"அந்தத் தெரிஞ்சவங்ககிட்ட சொல்லுங்க. இங்க டாய்லெட் குப்பையில போட்டுடக் கூடாது. பேட்டரி நெருப்புப் பிடிச்சா எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான். நாங்களும் வாங்கிக்க முடியாது. கீழ இறங்கினதும், பச்சை வழியில போகாம, சிவப்பு வழியில போய் அவங்களே எடுத்துக் கொடுக்கணும். அதிகாரி கேக்கறதுக்கு முன்னாடி."

"கொடுத்தா விட்டுடுவாங்களா?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா. ஆனா தானா வந்து கொடுக்கறவங்களும் தேடிக் கண்டுபிடிச்சு மாட்டறவங்களும் ஒண்ணு இல்லையே."

---

திரும்பி வந்தவள் மேல் பெட்டியைத் திறக்கக் கை வைத்தாள்.

"என்ன வேணும்?" கெத்தின் சட்டென்று எழுந்துவிட்டான்.

"மருந்துப் பை. தலைவலி."

"உட்காரு, நான் எடுத்துத் தரேன்." பையை இறக்கி, தானே கையை விட்டு, தலைவலி மாத்திரை ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். பையை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"இங்க குடேன்."

"கெட்டியா நானே பிடிச்சுக்கறேன். இறங்கற நேரம்."

வலிக்காத தலைக்கு மாத்திரையை விழுங்கினாள். காதோடு சொல்லிவிட்டால் என்ன? 'கெத்தின், நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன்.' அவ்வளவுதானே. ஆனால் அவன் நெஞ்சு? தைத்து எடுத்த நெஞ்சு. இவ்வளவு உயரத்தில், டாக்டர் இல்லாத இடத்தில், அதைப் போய் உலுக்குவதா? கீழே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினாள்.

கீழே போனதும் பாஸ்போர்ட் வரிசை. முன்னும் பின்னும் ஜனம். இங்கே எப்படிச் சொல்வது? முத்திரை குத்துகிற இளைஞன் அவள் முகத்தைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். டப் என்று முத்திரை விழுந்ததில் அவள் உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது.

"ஏண்டி துள்ளறே? உன் நெத்தியிலயா குத்தினான்?" என்றாள் நெஸ்டா.

பெட்டிகள் சுற்றி வருகிற இடத்துக்கு வந்தார்கள். தூண்தோறும் கேமரா. நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சீருடை நடந்து போயிற்று. மோப்பம் பிடிக்க வந்தது வேறு எதற்காகவோ. ஐர்வெனுக்கு அது தன்னையே பார்த்துக்கொண்டு போனதாகத் தோன்றியது.

"கெத்தின், அந்தப் பையை என்கிட்ட குடு. பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்."

"பாத்ரூமுக்கு எதுக்கு என் மாத்திரை?"

"குடுன்னா குடேன்!"

"இங்கிருந்து வெளிய போனா லவ்ரி நிக்கறா. அவளை எவ்வளவு நேரம் அந்த வயித்தோட நிக்க வெப்பே? வா." பெட்டியை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மருந்துப் பை அவன் தோளில் ஆடிக்கொண்டு போயிற்று. மறுபடியும் அந்த விசில்.

அப்போதுதான் ஐர்வெனுக்கு உறைத்தது. கெத்தின் விசில் அடிக்கிற ஆள் இல்லை. வருஷத்தில் ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு முன்னால், அவளுக்கு வாங்கிய பரிசை எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிற நாட்களில் மட்டும்தான் அடிப்பான். அவன் விசில் கேட்டால் பிள்ளைகள் சோபாவுக்கு அடியில் குனிந்து தேடும்.

இப்போது டிசம்பர் இல்லையே.

---

வழி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் பச்சை விளக்கு, அறிவிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு. ஒரு பக்கம் சிவப்பு. பச்சை வழியின் முடிவில் கண்ணாடிக் கதவு. அது திறந்து மூடும்போதெல்லாம் வெளியே காத்திருக்கிற கூட்டம் தெரிந்தது.

கதவு ஒரு முறை திறந்தபோது லவ்ரியும் தெரிந்தாள். மஞ்சள் கவுனில், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்தபடி. போனபோது ஒல்லிக்குச்சி. இப்போது ஆள் நிறைந்து நிற்கிறாள். அவள் இந்த ஊரில் இருப்பதே பள்ளிக்கூடம் வாங்கிக் கொடுத்த அனுமதியில். அவள் பேரில், அவள் விலாசத்தைச் சொல்லித்தான் இவர்கள் உள்ளே வந்திருக்கிறார்கள்.

"ஏய் லவ்ரி! குண்டுப் பூசணி!" நெஸ்டா துணிப்பையை ஆட்டிக்கொண்டே ஓடினாள். பச்சை வழியில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. மருமகளுக்காகச் சுட்டு எடுத்து வந்த வெல்ஷ் கேக் டப்பா பைக்குள் கடகடத்தது. கதவு திறந்தது, நெஸ்டா வெளியே போய்விட்டாள்.

கெத்தினும் அந்தப் பக்கம்தான் வண்டியைத் திருப்பினான். அங்கே ஓர் அதிகாரி, வருகிறவர்களில் சிலரைக் கைகாட்டி எக்ஸ்ரே எந்திரத்துப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தான். முன்னால் போன ஜெர்மன் ஜோடியை அனுப்பினான். அடுத்தது யாரோ.

ஐர்வென் யோசிக்கவில்லை. பின்னாலிருந்து பாய்ந்து கெத்தினின் தோளிலிருந்து பையை உருவினாள். உருவிய வேகத்திலேயே சிவப்பு விளக்குக்குக் கீழே இருந்த மேஜைக்குப் போய்விட்டாள்.

மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. கைகூப்பி வணங்கினாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்." ஐர்வென் பையை மேஜை மேல் வைத்தாள். "இந்தப் பையில ஒரு வேப் இருக்கு. நான்தான் வெச்சேன். பை என் வீட்டுக்காரரோடது, ஆனா அவருக்கு எதுவும் தெரியாது. அவர் சத்தியமா கொண்டு வரலைங்க. நான் வெச்சேன்."

சொல்லிவிட்டாள். நேற்றிலிருந்து இல்லாத ஒரு லேசு உடம்பில் வந்தது.

அதிகாரி பையைக் கவிழ்த்தாள். ரத்த அழுத்த மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. நெஞ்செரிச்சலுக்கு ஒன்று. நிகோடின் சூயிங்கம் ஒரு பெட்டி. கையை உள்ளே விட்டு மூலை வரைக்கும் தடவினாள்.

"இல்லையே மேடம்."

"இருக்கு. அடியில."

"நீங்களே பாருங்க."

பார்த்தாள். இல்லை. பைக்குள் துணியும் தையலும்தான்.

விசில் நின்றிருந்தது.

ஐர்வென் நிமிர்ந்தாள். கெத்தின் கண்ணாடிக் கதவுக்கு நாலு எட்டு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். எக்ஸ்ரேக்கு அவனை யாரும் கைகாட்டவில்லை. கதவு அவனுக்காகத் திறந்தே இருந்தது. அதற்கு அப்பால் மஞ்சள் கவுன். அவனுடைய வலது கை மட்டும் கோட்டுப் பைக்குள் இருந்தது. இந்த வெயில் ஊரில் கழற்றாமல் போட்டுக்கொண்டே வந்த கோட்டு.

அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. விமானத்தில் மாத்திரை எடுத்தபோதே பார்த்து, கோட்டுக்கு மாற்றியிருக்கிறான்.

"உங்க வீட்டுக்காரர் எங்க மேடம்?" என்றாள் அதிகாரி.

ஐர்வென் சட்டென்று பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள். போ, என்று மனசுக்குள் சொன்னாள். போயிடு கெத்தின். நாலே எட்டு. போய்ப் பிள்ளையைப் பார். அப்புறம், போகாதே என்றும் சொன்னாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாசம், தெருவில் ஒவ்வொரு சீருடைக்கும் நடுங்கி நடுங்கி, லவ்ரியின் வீட்டில், அந்தத் தொட்டிலுக்குப் பக்கத்தில்... வேண்டாம். எதைச் சொல்லி வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வண்டியின் சக்கரம் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்தது. அவன் செருப்பு தெரிந்தது.

கெத்தின் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து, மேஜை மேல் வைத்து, விரித்தான்.

"இவ வெச்சது உண்மை," என்றான் அதிகாரியிடம். "தெரிஞ்சே இவ்வளவு தூரம் எடுத்துட்டு வந்தது நான்."

"கெத்தின்..."

"பேசாம இரு கண்ணு." அவன் முகம் காகிதமாக வெளுத்திருந்தது. "விமானத்துலயே உன்னை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லணும்னுதான் பார்த்தேன். ஆனா கையில எடுத்ததும்... வேணும்னு தோணிடுச்சு. எனக்கு வேணும்னு தோணினதுதான் நிஜம். உனக்காக ஒளிச்சேன்னு சொல்லிக்கலாம். அது முழுசா உண்மை இல்ல."

ஐர்வென் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி திமுதிமுவென்று ஓடிக்கொண்டிருந்தது. "வலிக்குதா? நெஞ்சு?"

"இல்ல. பயமா இருக்கு. அவ்வளவுதான்."

"எனக்கும்."

பெண் அதிகாரி வேப்பை ஒரு தட்டில் வைத்தாள். இரண்டு பேரின் பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கினாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "நீங்களா வந்து சொன்னீங்க. அதை நான் எழுதுவேன். மத்தது மேலதிகாரி கையில. இங்கயே நில்லுங்க" என்றாள். பாஸ்போர்ட்டுகள் அவள் கையோடு மேஜைக்குப் பின்னாலிருந்த கதவு வரைக்கும் போயின. ஐர்வெனின் கண்ணும் கூடவே போயிற்று.

கதவைத் தொட்ட அதிகாரி, எதையோ நினைத்துக்கொண்டவள் போலத் திரும்பினாள்.

"இது ஊத்தி இழுக்கிற வகை. ஊத்தற திரவம் எங்க மேடம்?"

நெஸ்டாவின் பையில் போட்ட குப்பி அப்போதுதான் ஐர்வெனுக்கு நினைவு வந்தது.

கண்ணாடிக் கதவு யாருக்காகவோ திறந்தது. வெளியே ஒரு பெஞ்சில் லவ்ரி உட்கார்ந்திருந்தாள். நெஸ்டா பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய துணிப்பை லவ்ரியின் மடியில் இருந்தது. கேக் டப்பாவைத் தேடி லவ்ரி சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். பின்னல் நூல், மூக்குக் கண்ணாடி, அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள்ளிருந்த சின்னக் குப்பியை எடுத்து, இது என்ன என்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்த போலீஸ்காரர், தலையை மெல்லத் திருப்பினார்.

"மேடம், கேட்டேனே. எங்க?"

கெத்தின் மனைவியைப் பார்த்தான். அவனுக்குக் குப்பியைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

ஐர்வென் அவன் மணிக்கட்டை விடாமலே, மற்றக் கையை உயர்த்திக் கண்ணாடிக் கதவைக் காட்டினாள்.

"அதுவும் நான் வெச்சதுதான்," என்றாள். "என் மகளுக்குத் தெரியாது. சீக்கிரம் வாங்க, அங்க யாராவது அவ கையைப் பிடிக்கறதுக்கு முன்னாடி."

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் அவர்கள் இருவரின் முகங்கள்தான்.